தாழ்ப்பாளில் வைத்த கை

ஸ்ரீ பங்கஜவல்லி பிக்சர்ஸின் ஸ்டூடியோ கோடம்பாக்கத்தில் இருந்தது. அதன் கதை இலாகா மட்டும் அபிராமபுரத்தில் இருந்தது. கோடம்பாக்கத்தில் சத்தம் அதிகம், சிந்தனை கலைந்துவிடுகிறது என்று இலாகாத் தலைவர் சுப்பராமன் முறையிட்டதன் பேரில், முதலாளி ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்துக்கு அது ரொம்பக் குறைந்த வாடகை. ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது புரொடக்ஷன் இலாகாவின் வேலை. கதை இலாகாவின் வேலை சிந்திப்பது.

பொன்ராஜ் அங்கே சுருக்கெழுத்தாளன். பகலில் சிந்தனையைக் குறிப்பெடுப்பான்; மாலையில் ஈவினிங் காலேஜில் பி.ஏ. வகுப்பு; வீட்டுக்குப் போனதும் டைரி. டைரியில் ஒரு வாக்கியம் எழுதுவான், அது சரிதானா என்று அடுத்த வாக்கியத்தில் சந்தேகப்படுவான். தி. நகரில் அவன் தங்கியிருந்தது மாமா வீட்டில். மாமா அய்யாதுரைக்கு உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை. "உன் இலாகாவ மூடுனா சொல்லு. கடையில சேல மடிக்க ஆள் வேணும்" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஞாபகப்படுத்துவார். கடை சாத்த ராத்திரி ஒன்பது ஆகும். சேலை மடிக்கப் போனால் பி.ஏ.வையும் சேர்த்து மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

இலாகாவில் கதை கேட்கும் முறை இப்படி. கதை சொல்ல ஒருவர் வருவார். முதல் சீனைச் சொல்லி முடிப்பார். சுப்பராமன் கண்ணைத் திறந்து, "ரொம்ப நன்னா இருக்கு. ஒரு சின்ன கரெக்ஷன்" என்பார். பிறகு அவருக்கு அடுத்த சீனியரான துரைராஜ் ஒரு சின்ன கரெக்ஷன் சொல்வார். துரைராஜ் தாய்ப்பாச நிபுணர். அவர் கைவைத்த கதையில் அம்மா இல்லாத காட்சியே இருக்காது. கார் பந்தயத்தில்கூட ஓரமாக ஓர் அம்மா நின்று அழுவாள். மூன்றாவது உறுப்பினர் குலாம் ரசூல், நகைச்சுவைக் காட்சிகளைத் தனியாக எழுதுபவர். கதையைக் கேட்டால் நகைச்சுவை கெட்டுவிடும் என்பதால் கதை சொல்லும்போது அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். நாலு மணிக்குச் சமையல்காரி தேசம்மா போண்டா கொண்டுவரும்போது, வந்த கதை வேறொரு கதையாக மாறி, சொல்ல வந்தவர் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பங்களாவுக்குள் எந்தக் கதையும் அதன் முடிவை எட்டியதில்லை. படங்கள் மட்டும் வந்துகொண்டுதான் இருந்தன. கடைசி நாள் ஷூட்டிங்கில் எந்த செட் பிரிக்காமல் நிற்கிறதோ அதில் படம் முடியும். கோர்ட் செட் நின்றால் எல்லாரும் கோர்ட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சுருக்கெழுத்தாளன் மட்டும் கருத்துச் சொல்லக் கூடாது. சேர்ந்த அன்றே சுப்பராமன் விளக்கிவிட்டார். "நீ கதைக்குள்ள கிடையாது பொன்ராஜ். நாற்காலி மாதிரின்னு வெச்சுக்கோயேன். நாற்காலி இல்லாம உட்கார முடியாது. அதுக்காக அதோட அபிப்பிராயத்தைக் கேட்டுண்டா இருக்கோம்?"

இப்படியிருக்க, எழுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள், உச்சி வெயில் நேரம். இலாகா ஆழ்ந்த சிந்தனையில் இருந்தது. சுப்பராமனின் சிந்தனை மூக்கு வழியாகவும் துரைராஜின் சிந்தனை வாய் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. குலாம் ரசூல் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் சிந்தித்தார். பொன்ராஜ் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். மின்விசிறி நின்றது. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. தரையில் கிடந்த சீவல்கள் ஒவ்வொன்றாக எழுந்துவந்து பென்சிலில் ஒட்டிக்கொண்டன. பென்சில் மறுபடி மொட்டையானது.

காலியாகக் கிடந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீலக் கைத்தறிச் சேலை, இறுகப் பின்னிய ஒற்றைச் சடை, சடையில் இரண்டு முருங்கை இலை. பின்னாலிருந்த கண்ணாடி பீரோவில் நாற்காலி தெரிந்தது. அவள் தெரியவில்லை.

"இதுதானே கதை இலாகா?"

"ஆமாங்க" என்றான் பொன்ராஜ். தன் குரல் தன்னிடமிருந்துதான் வந்ததா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு கதையோட முடிவு வேணும்."

அவள் பெயர் சுந்தரவல்லி. இதே வீட்டில் இருந்தவள். அடுத்த வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாடகக் கம்பெனி ஒத்திகை பார்ப்பதுண்டு. நாடகத்தில் ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். பொழுது சாயும் நேரத்தில் யாரோ கதவை மூன்று தரம் தட்டுகிறார்கள். அவள் பயந்து திறக்கவில்லை. மறுநாளும் தட்டுகிறார்கள். திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கைவைக்கிறாள்.

"அந்த இடத்துல குரலைத் தாழ்த்திட்டாங்க. சரியாக் கேக்கலை. கொல்லையில முருங்கை மரம் இருக்கு பாருங்க, அதுல ஏறினேன். முருங்கைக் கொம்பு எந்தக் காலத்துல ஆளைத் தாங்கியிருக்கு?"

"அடடா" என்றான் பொன்ராஜ்.

"அதோட போச்சு. அப்பதான் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே மூட்டை கட்டிச்சு. நாடகக் கம்பெனியும் போயிடுச்சு. கதவுக்கு வெளியில யாருன்னு தெரியாம என்னால நகர முடியலை. தெரிஞ்சா போயிடுவேன்."

போண்டா மாவு கரைக்க வந்த தேசம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "வந்துட்ச்சா? மரத்தாண்டயே எத்தினி நாளு குந்திக்கினு இருக்கும், அதுக்கும் போரடிக்காது?" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கொல்லை மரத்துக் காய் ஒருநாளும் சாம்பாரில் விழாதது ஏன் என்று பொன்ராஜுக்கு அப்போதுதான் புரிந்தது.

துரைராஜ் முதலில் விழித்தார். பெண்ணைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், மறுபடி பெண்ணைப் பார்த்தார். பிறகு சுப்பராமனைத் தட்டி எழுப்பி, "சார், உங்களுக்கு எதிர் நாற்காலியில உக்காந்திருக்காங்க. அது டைரக்டர் வந்தா உக்கார்ற நாற்காலி" என்றார்.

சுப்பராமன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பேய் என்ற இடத்தில் முகம் சற்று வெளுத்தது. கதை கேட்க வந்திருக்கிறாள் என்ற இடத்தில் மறுபடி சிவந்தது. "கதை சொல்றதுக்குத்தான் இதுவரை எல்லாரும் வந்திருக்கா. கேட்கறதுக்குன்னு ஒருத்தர் வர்றது இதுதான் முதல் தடவை" என்று நெகிழ்ந்தார். "உட்காருங்கோம்மா. முடிவுதானே? நாளைக்கே டிஸ்கஷன் வெச்சுடலாம்."

டிஸ்கஷன் நடந்தது.

"ரொம்ப நன்னா இருக்கு" என்று ஆரம்பித்தார் சுப்பராமன். "ஒரு சின்ன கரெக்ஷன். அந்தப் பொண்ணு ஏன் வீட்டுல இருக்கணும்? ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருக்கட்டுமே. இப்போ பேய்ப் படமும் ஓடறது, ஆபீஸ் தமாஷும் ஓடறது. ரெண்டையும் கலந்துட்டா ரெட்டை லாபம்."

"ஆபீஸ் கதவைச் சாயங்காலம் யாருங்க தட்டுவாங்க?" என்று சுந்தரவல்லி கேட்டாள்.

"அம்மா" என்றார் துரைராஜ். அதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. "சின்ன வயசுல பிரிஞ்சுபோன அம்மா."

"அம்மான்னா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களே. எதுக்குத் தட்டறாங்க?"

"ஊமை."

சுந்தரவல்லி பொன்ராஜைப் பார்த்தாள். பொன்ராஜ் பென்சிலைப் பார்த்தான்.

"ஊமைன்னா, ஊமையானதுக்கு ஒரு பிளாஷ்பேக் வேணும்" என்றார் சுப்பராமன். பிளாஷ்பேக்குக்கு ஒரு மழை வந்தது. மழைக்கு ஒரு பாட்டு வந்தது. பாட்டுக்கு ஊட்டி வந்தது. போண்டா வந்தபோது டைப்பிஸ்ட் ஊட்டியில் குடையோடு நின்றாள், கதவு அபிராமபுரத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் குலாம் ரசூல் தன் பகுதியைப் படித்துக் காட்டினார். ஒரு ஓட்டலில் இரண்டு சர்வர்கள். ஒருவனுக்குக் காது கேட்காது. மற்றவன் அதை மறந்துகொண்டே இருப்பான். தோசை ஒன்று மேஜை மேஜையாகப் போய்க் கடைசியில் முதலாளி தலையில் உட்காரும். சுந்தரவல்லி இரண்டு மூன்று இடத்தில் சிரித்துவிட்டாள். சுவர்க்கடிகாரம் சற்றுப் பின்னால் ஓடிற்று.

"இவங்க ரெண்டு பேரும் எப்பங்க கதவுகிட்ட வருவாங்க?" என்று ஆசையோடு கேட்டாள்.

"எந்தக் கதவும்மா?"

"தட்டற கதவு."

"வரமாட்டாங்கம்மா. நம்மளுது டிராக் வேற. கதையில யாரு செத்தா, யாரு பொழைச்சா, நமக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா தமாஷ் வராது நைனா."

அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. கதவுக்கு வெளியே இருந்தவர் வரிசையாக போலீஸ், வில்லன், வில்லனின் இரட்டைச் சகோதரன், தபால்காரன், மறுபடி அம்மா. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் தாழ்ப்பாளில் கைவைக்கும் இடம் வந்ததும் யாராவது ஒருவர் "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கரெக்ஷன்" என்று ஆரம்பிப்பார். கதை கழுத்தைப் பிடித்து இழுத்ததுபோலத் திரும்பிப் போகும்.

ஐந்தாம் நாள் சுந்தரவல்லிக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்றாள். நின்றபடியே கூரை வரை வளர்ந்தாள். சடை அவிழ்ந்து ஜன்னல் கம்பிகளில் சுற்றிக்கொண்டது. மைக்கூட்டிலிருந்த மை சுவரில் ஏறிற்று. அறையில் முருங்கைப்பூ வாடை மூச்சை அடைத்தது. "எனக்கு முடிவு வேணும்" என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பொன்ராஜ் மேஜைக்கு அடியில் இருந்தான். சுப்பராமன் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ குறையறது, துரைராஜ்."

"வெள்ளைச் சேலை இல்லை சார். நீலத்துல பயம் வராது. காலும் தரையில இருக்கு."

"அதான். கூரை வரைக்கும் வளர்றதெல்லாம் சரி. பேய் மாதிரி இல்லை. பி கிளாஸ், சி கிளாஸ் தியேட்டர்ல ஒத்துக்க மாட்டா."

சுந்தரவல்லி குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். மளமளவென்று சுருங்கி நாற்காலிக்கு வந்து, "நான் பேய்தாங்க" என்றாள்.

"நீங்க பேயா இருக்கலாம்மா. அது உங்க சொந்த விஷயம். பேய் மாதிரி இருக்கணும், அது கலை" என்றார் சுப்பராமன்.

அவள் அவிழ்ந்த சடையை மறுபடி பின்னி முடித்தாள். பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு முடிவு சொல்லணும். இல்லைன்னா உங்கள்ல ஒருத்தர் மேல ஏறிடுவேன். அப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் இறங்க மாட்டேன்."

அப்போதுதான் கதை இலாகா முதல் முறையாகப் பயந்தது. உடனே கதவைச் சாத்திக்கொண்டு அவசரக் கூட்டம் போட்டது. முடிவைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. யார் மேல் ஏறுவது என்பதைப் பற்றிப் பேசினார்கள்.

"இதுல சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமில்லை" என்றார் சுப்பராமன். "பிரமோஷன்னா சீனியர்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த மாதிரி விஷயம்னா ஜூனியர்லேர்ந்து ஆரம்பிக்கணும். உலகம் பூரா இதான் வழக்கம்."

"பொன்ராஜுக்குக் கல்யாணமும் ஆகலை. இடைஞ்சல் இல்லை" என்றார் துரைராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பையன் நல்ல பையன் நைனா. அந்தம்மாவுக்கும் பழகினவன்" என்றார் குலாம் ரசூல்.

அந்தத் தீர்மானத்தைப் பொன்ராஜ்தான் சுருக்கெழுத்தில் எடுத்தான். தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் பென்சில் முனை உடைந்தது.

வியாழக்கிழமை முதலாளி பாண்டுரங்கன் போன் செய்தார். பேய் விஷயம் அவருக்குத் தெரியாது. கதை விஷயம் தெரியும். "யோவ் சுப்பராமன், பேய்ப் படம்னு விநியோகஸ்தர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நேர்ல வர்றேன். முடிவைச் சொல்லணும். இல்லைன்னா இலாகாவுக்கு ஒரு பெரிய கும்பிடு. முதல்ல அந்தச் சுருக்கெழுத்துப் பையனை அனுப்பிட்டு, அப்புறம் உங்க கணக்கைப் பாக்கறேன்."

ஆக, முடிவு வந்தால் தப்பித்தான். வராவிட்டால் வேலையும் போகும், உடம்பும் போகும். பேய் ஏறிய ஆளை ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வைத்துக்கொள்வார்களா என்று அன்றிரவு டைரியில் எழுதினான். வைத்துக்கொள்ளலாம், நீலக் கைத்தறி நன்றாக விற்கும் என்று அடுத்த வாக்கியம் எழுதி, அதை அடித்தான். முடிவு ஒன்றை அவனே யோசித்தும் பார்த்தான். வெளியே ஒரு சிங்கம் என்று தோன்றியது. சிங்கம் எதற்கு என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். முதலாளி நடு நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஓரத்தில் நீலச் சேலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்த பெண்ணைப் புது நடிகை என்று நினைத்து லேசாகத் தலையசைத்தார். சுப்பராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"முதலாளி, முடிவுங்கறது லேசுப்பட்ட விஷயமில்லை. ஆரம்பத்தை யார் வேணாச் சொல்லலாம். ஆரம்பம் தப்புன்னு யாரையும் யாரும் கேட்டதில்லை. முடிவைச் சொல்லிட்டா, நாளைக்குப் படம் ஓடலைன்னா, இன்னார்தான் சொன்னான்னு விரலை நீட்டுவா. அதனாலதான் ஏழு வருஷமா இந்த இலாகா ரொம்பப் பொறுப்போட ஒரு முடிவுகூடச் சொல்லாம இருந்துண்டிருக்கு. இப்போ கதைக்கு வரேன். அந்தப் பொண்ணு தாழ்ப்பாள்ல கை வெக்கறா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன..."

சுந்தரவல்லி தலையைத் திருப்பினாள். பொன்ராஜைப் பார்த்தாள். கோபமில்லை, ஊருக்குப் புறப்படுகிறவள் வண்டியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவன் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தான். பின்பக்கமாகவே நடந்தான். வாசல் அறையைக் கடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினான். யாரும் கவனிக்கவில்லை. நாற்காலி நகர்ந்ததை யார் கவனிப்பார்கள்?

அதன் பிறகு ஓடினான். கேட்டைத் தாண்டித் தெருவில் கால்வைத்தபோதுதான் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது.

அது அவனுடையதல்ல, அத்தையுடையது. மூன்றடுக்கு, பித்தளை, அத்தையின் அம்மா சீதனமாகக் கொடுத்தது, மூடியில் பெயர் வெட்டியிருக்கும். பேய் பிடித்து வீட்டுக்குப் போனால் அத்தை வேப்பிலை அடிப்பாள். டிபன் பாக்ஸ் இல்லாமல் போனால் என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது. பொன்ராஜ் சிறிது நேரம் வெயிலில் நின்றான். பிறகு திரும்பினான்.

அவன் சாத்திய கதவின் உள்தாழ்ப்பாள் தானாக விழுந்திருந்தது. சமையல்கட்டு வழியாகப் போகலாம் என்பது பதற்றத்தில் தோன்றவில்லை. கதவைத் தட்டினான். எப்போதும் தட்டுவதுபோலத்தான்: தொந்தரவு செய்கிறோமோ என்ற பயத்தோடு மெதுவாக ஒன்று, கேட்டிருக்குமோ என்று சற்று இடைவெளி விட்டு ஒன்று, தட்டியிருக்க வேண்டாமோ என்று ஒன்று.

உள்ளே சுப்பராமனின் குரல் பாதியில் நின்றது.

எதுவும் அசையவில்லை. பிறகு கொலுசுச் சத்தம் கேட்டது. ஒரு காலடி. நின்றது. இன்னொரு காலடி. வருவது யார், எதற்காக வருகிறாள் என்பது பொன்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டியது மூன்று தரம்.

"யாருய்யா வெளியில?" என்று முதலாளி கேட்டார்.

"அம்மாதான்" என்று துரைராஜ் கிசுகிசுத்தார்.

"பேசாதய்யா" என்றார் முதலாளி.

ஓடிவிடலாம். கேட் திறந்துதான் இருந்தது. டிபன் பாக்ஸை நாளைக்குத் தேசம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முப்பது வருஷமாகத் தாழ்ப்பாளில் கைவைத்தபடி நிற்கிறாள். திறக்கும்போது வாசல் காலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றான்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது. சுந்தரவல்லி நின்றாள்.

"நீங்களா?"

"நான்தாங்க" என்றான் பொன்ராஜ். "டிபன் பாக்ஸை மறந்துட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். உதட்டோரம் ஒரு சுழி விழுந்தது. பிறகு சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது, சடையிலிருந்த முருங்கை இலை இரண்டும் உதிர்ந்தன.

"இவ்வளவுதானா? இதுக்கா நான் மரத்துல ஏறினேன்? டிபன் பாக்ஸா?"

"பித்தளைங்க" என்றான். "முடிவு நல்லா இல்லைன்னா..."

"நல்லா இருக்கு" என்றாள் சுந்தரவல்லி.

அடுத்து வரப்போகும் கரெக்ஷனுக்காகப் பொன்ராஜ் காத்திருந்தான். வரவில்லை. அவள் அவனைத் தாண்டிப் படியிறங்கினாள். வீட்டு மூலையில் ஒருமுறை நின்று, கொல்லை முருங்கையில் கொம்பு உடைந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் இரண்டெட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் வெயில் மட்டும் இருந்தது.

காற்றில் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பொன்ராஜ் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனான்.

"பூட்ச்சா?" என்றாள் தேசம்மா, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போயிட்டாங்க."

"சந்தோசமாப் போச்சா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"அப்ப நாளைக்கு முருங்கக்கா சாம்பாரு" என்று அவன் கையில் ஒரு போண்டாவை வைத்தாள்.

அவன் அதைத் தின்றுவிட்டு, உள்வழியாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டான். அவன் போனதும் யாருக்கும் தெரியாது, வந்ததும் தெரியாது. முதலாளி எழுந்து நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது சுந்தரவல்லியின் முதுகு மட்டும்தான். வாசலில் பேசியது பயத்தில் யார் காதிலும் விழவில்லை. அவள் திறந்தாள், தோள் குலுங்கியது, போனாள், திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துரைராஜும் குலாம் ரசூலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பார்த்தார்கள். வாசலில் இரண்டு முருங்கை இலை கிடந்தது.

"என்னய்யா கதை இது" என்றார் முதலாளி. "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இன்னிக்குத்தான் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு யாரைப் பார்த்துச்சு?"

துரைராஜ் கைக்குட்டையை எடுத்தார்.

"கண்டுபிடிங்க. அதுதான் நம்ம படம். அவசரமில்லை, எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். இலாகாவுல ஒரு ஆளைக்கூடக் குறைக்க மாட்டேன். எல்லாரும் நிரந்தரம்."

சுப்பராமன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் பழைய களை திரும்பியது. "ரொம்ப நன்னா இருக்கு, முதலாளி" என்றார்.

மூன்று வருஷம் ஆகிறது. பொன்ராஜ் பி.ஏ. முடித்துவிட்டான். மாமா இப்போது சேலையைப் பற்றிப் பேசுவதில்லை. அபிராமபுரத்தில் டிஸ்கஷன் இன்னும் நடக்கிறது. கதவுக்கு வெளியே நின்றது யார்? எமன் என்றார்கள். முதல் மனைவி என்றார்கள். ஜப்பான்காரன் என்றுகூட ஒரு வாரம் ஓடிற்று. துரைராஜ் அம்மாவிலேயே நிற்கிறார். பொன்ராஜ் எதையும் விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்கிறான். போன மாதம் சலித்துப்போன சுப்பராமன், வீட்டிலிருந்த ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். துரைராஜைச் சந்தேகப்பட்டார்கள், குலாம் ரசூலைச் சந்தேகப்பட்டார்கள், தேசம்மாவை இரண்டு நாள் சந்தேகப்பட்டார்கள், முதலாளியைக்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சந்தேகப்பட்டார்கள். பிறகு வீட்டில் வேறு ஆளே கிடையாது என்று சுப்பராமன் முடிவாகச் சொன்னார். பொன்ராஜ் அதையும் எழுதிக்கொண்டான்.